கோச் கையில் டேட்டா: படிப்பதா, வாங்குவதா, ஆள் வைப்பதா?

ஒரு வீராங்கனை போன மாதம் 30 மீட்டரை 4.62 விநாடியில் ஓடினார். இந்த மாதம் 4.55. கோச்சுக்குச் சந்தோஷம், நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டாயிற்று. ஆனால் போன மாதம் ஸ்டாப்வாட்சை அமுக்கியது கோச், இந்த மாதம் அமுக்கியது அவருடைய உதவியாளர். போன மாதம் எதிர்க்காற்று அடித்ததா என்று யாருக்கும் நினைவில்லை. அந்த 0.07 விநாடி ஓடியவரின் காலிலிருந்து வந்ததா, உதவியாளரின் கட்டைவிரலிலிருந்து வந்ததா?

டேட்டா அறிவு என்று பெரிய பெயர் வைத்துப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சந்தேகம் தானாக வருவதைத்தான். அதை எப்படிச் சம்பாதிப்பது என்பதில்தான் குழப்பம். ஒரு பயிற்சியாளர் முன்னால் வழக்கமாக ஐந்து வழிகள் இருக்கும். தானே நோட்டும் எக்செல்லுமாக உட்காருவது, இணையத்தில் ஒரு படிப்பில் சேருவது, ஆர் அல்லது பைத்தான் மாதிரி ஒரு நிரல்மொழி கற்பது, ஜிபிஎஸ் அங்கி (வீரர் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் பதியும் சட்டை) மாதிரி கருவிகளையும் அவற்றோடு வரும் டாஷ்போர்டையும், அதாவது எண்களைப் படமாகக் காட்டும் திரையையும், வாங்குவது, எண்களை அலசிச் சொல்லும் அனலிஸ்ட் ஒருவரை வைத்துக்கொள்வது. ஐந்திலும் ஏதோ ஒரு கட்டத்தில் கை வைத்தவன் நான். சிலதில் காசு போனது, சிலதில் பொழுது போனது.

விலையை வைத்து இவற்றை ஒப்பிட்டால் சரியாக வராது. நான் இரண்டே கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். இந்த வழியில் போனால் அடுத்த வாரப் பயிற்சித் திட்டத்தில் ஏதாவது மாறுமா? இந்தக் கருவியோ இந்த ஆளோ இல்லாமல் போனால் என் கையில் என்ன மிஞ்சும்?

எக்செல்லில் தொடங்குவது

நினைவை நம்பி ஓட்டுகிற கோச்சுகள் நிறைய பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். இயன் ஃபிராங்ஸ், கேரி மில்லர் இருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தவர்களிடம் முக்கிய நிகழ்வுகளைக் கேட்டபோது பாதியைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கடைசியாக விழுந்த கோலும், நடுவரோடு போட்ட சண்டையும் நன்றாக ஞாபகம் இருக்கும். இருபதாவது நிமிடத்தில் மூன்று முறை ஒரே இடத்தில் பந்தை விட்டது ஞாபகம் இருக்காது. எழுதி வைப்பதன் முதல் லாபம் இதுதான். எக்செல் வேண்டும் என்றுகூட இல்லை, இலவசமாகக் கிடைக்கும் எந்த ஷீட்டும் போதும்.

ஆனால் எப்படி எழுதி வைக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீரருக்கு ஒரு ஷீட், வாரத்துக்கு ஒரு நிறம், தலைப்புக்கு நான்கு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து வண்ணம் அடிப்பது. பார்க்க அழகாக இருக்கும். மூன்று மாதம் கழித்து, "காயம் பட்டவர்கள் அதற்கு முந்தைய இரண்டு வாரம் எவ்வளவு ஓடினார்கள்?" என்று கேட்டால் அந்த அழகு வாயைத் திறக்காது. மஞ்சள் நிறம் என்றால் காயமா, விடுப்பா என்று போட்டவருக்கே மறந்திருக்கும். ஓர் அளவுக்கு ஒரு வரி. தேதி, பெயர், என்ன சோதனை, என்ன எண், என்ன அலகு, யார் அளந்தது, ஒரு குறிப்பு. அவ்வளவுதான். சலிப்பூட்டும் நீளமான பட்டியலாக இருக்கும், ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் வடிகட்டி எடுக்கலாம். தேதியை மட்டும் கவனமாகப் போடுங்கள். 03/04 என்று எழுதினால் கணினி அதை மார்ச் நான்கு என்றும் எடுக்கும், ஏப்ரல் மூன்று என்றும் எடுக்கும். ஒரு முழு மாதத்தை அப்படி இழந்திருக்கிறேன்.

அதில் முதலில் எதை எழுதுவது? காசில்லாமல் கிடைக்கிற மிக நல்ல எண் என்று நான் நினைப்பது, பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று வீரரையே கேட்பது. சுவீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய உணர்வு அளவுகோலை எடுத்து, அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் பயிற்சிக் களத்துக்கு எளிமையாக்கிக் கொடுத்த முறை இது. பயிற்சி முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்து, 0 முதல் 10 வரை ஓர் எண் கேட்கிறோம். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்குகிறோம். 90 நிமிடம், வீரர் சொன்னது 6 என்றால் அன்றைய சுமை 540. இதே ஃபாஸ்டர் குழு 2001இல் இன்னொன்றையும் காட்டியது. கோச் "இன்று லேசான நாள்" என்று திட்டமிட்ட நாட்களில் வீரர்கள் அதைவிடக் கடினமாகவும், "இன்று கடினம்" என்று திட்டமிட்ட நாட்களில் அதைவிட லேசாகவும் பயிற்சி செய்திருந்தார்கள். ஆக ஷீட்டில் கோச் நினைத்த எண்ணுக்கு ஒரு கட்டமும் வீரர் சொன்ன எண்ணுக்கு ஒரு கட்டமும் வைத்தாலே போதும், இரண்டு வாரத்தில் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும்.

அப்புறம் சத்தம். புள்ளியியலில் இரைச்சல் என்பார்கள். ஒரே ஆள், அதே உடல்நிலை, அதே சோதனை, ஆனாலும் இரண்டு நாளும் ஒரே எண் வராது. எவ்வளவு மாறும் என்று தெரியாமல் முன்னேற்றம் பேசக்கூடாது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாலை போதும். பத்துப் பன்னிரண்டு பேரை ஒரே வாரத்தில் இரண்டு நாள் ஓடவிடுங்கள், நடுவில் கடும் பயிற்சி இல்லாமல். ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை எழுதி, அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை, அதாவது அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதை, பாருங்கள். எக்செல்லில் ஒரே ஃபார்முலா. அது 0.11 விநாடி என்று வந்தால், நம் வீராங்கனையின் 0.07 முன்னேற்றத்தை வைத்து யாருக்கும் இனிப்புக் கொடுக்க வேண்டாம். உண்மையிலேயே முன்னேறியிருக்கலாம், ஆனால் இந்த எண் அதைச் சொல்லவில்லை.

தடகளத்தில் இந்தப் பிரச்சினையைப் பல காலம் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம். கைநேரத்தை அடுத்த பத்தில் ஒரு விநாடிக்கு ஏற்றித்தான் எழுதுவார்கள், 10.11 என்று காட்டினாலும் பதிவில் 10.2. பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் சாதனைக் கணக்கில் சேராது. கருவியை எந்த இடம் வரை நம்புவது என்பதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. நம் மைதானச் சோதனைகளுக்கு அந்த விதியை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செல்போனில் குதிப்பு உயரம் அளப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் தரையை விட்டது முதல் மீண்டும் தொட்டது வரையான நேரம் தெரிந்தால், அதை வர்க்கமாக்கி 9.81ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வந்துவிடும். 0.50 விநாடி காற்றில் இருந்தால் சுமார் 30.7 செ.மீ. இப்போது விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் ஒரே ஒரு ஃப்ரேம் தவறாக எண்ணிவிட்டால் விடை 4 செ.மீ. தள்ளிப்போகும். அது ஒரு பருவத்தின் உழைப்பு. 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் அதே தவறு அரை செ.மீ. மட்டும்தான். இதைக் கண்டுபிடிக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

இந்த வழிக்கு எல்லையும் இருக்கிறது. முப்பது பேர், வாரம் ஐந்து பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் என்றால் வாரத்துக்கு 450 கட்டங்கள். இரண்டு மாதம் ஆர்வமாக நிரப்புவோம், மூன்றாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை இரவு மொத்தமாக உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து நிரப்புவோம். அது டேட்டா இல்லை, கற்பனை. பாதி எண்ணிக்கையை ஒழுங்காக எழுதுவது மேல்.

படிப்பு

இணையப் படிப்புகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நல்லதும் இருக்கிறது, வீடியோவை ஓடவிட்டுச் சான்றிதழ் தருவதும் இருக்கிறது. சேருவதற்கு முன் பாடத்திட்டத்தில் இரண்டு விஷயம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலாவது, சராசரியை நோக்கித் திரும்புதல். உளவியலாளர் டேனியல் கானெமன் இளவயதில் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களுக்கு வகுப்பு எடுத்தபோது நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள், ஆகவே திட்டுவதே மேல் என்று ஒரு மூத்த பயிற்றுநர் வாதாடினாராம். உண்மையில், ஒரு நாள் வழக்கத்தைவிட மிக நன்றாகச் செய்தவர் மறுநாள் தன் வழக்கமான நிலைக்குத் திரும்புவார். மிக மோசமாகச் செய்தவரும் அப்படியே. பாராட்டும் திட்டும் நடுவில் வந்து பெயர் வாங்கிக்கொள்கின்றன. மைதானத்தில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் எல்லாரையும் கூடுதலாக ஓடவிட்டு, அடுத்த ஆட்டம் ஜெயித்ததும் அந்த ஓட்டத்துக்கு மாலை போடுகிறோம்.

இரண்டாவது, சிறிய எண்ணிக்கையின் ஏமாற்று. கூடைப்பந்தில் பத்து ஃப்ரீ த்ரோவில் எட்டு போட்டவரை 80 சதவீதக்காரர் என்று எழுதுகிறோம். அந்தப் பத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், வழக்கமான 95 சதவீத நம்பக எல்லையில் அவருடைய உண்மைத் திறன் 49 முதல் 94 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பத்தில் ஆறு போட்டவரை வெளியே உட்கார வைக்க இது போதுமான ஆதாரம் இல்லை. இந்த இரண்டையும் விளையாட்டு உதாரணத்தோடு நடத்துகிற படிப்பு என்றால் சேரலாம். வெறும் மென்பொருள் பொத்தான்களைக் காட்டுகிற படிப்பு என்றால் அந்த மாலைகளைத் தூங்கிக் கழிக்கலாம்.

ஆர், பைத்தான்

இரண்டும் இலவசம், இரண்டும் சக்திவாய்ந்தவை. விளையாட்டு அறிவியல் ஆய்வாளர்கள் மத்தியில் ஆருக்கு நல்ல புழக்கம், பொதுவான நிரல் வேலைக்குப் பைத்தான். ஆனால் முழுநேரம் மைதானத்தில் நிற்கிற ஒருவருக்கு இதை நான் அவசரமாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். பயன்படும் அளவுக்கு வர மாலை நேரங்களில் பல மாதம் பிடிக்கும், விட்டால் மறந்தும் போகும். ஒரே வேலையை வாராவாரம் கையால் வெட்டி ஒட்டிச் செய்து அலுத்துப்போனால், அல்லது பல கருவிகளின் கோப்புகளை ஒன்று சேர்க்க வேண்டிவந்தால், அன்றைக்குத் தொடங்குங்கள். அலுப்பு வருவதற்கு முன்னால் தொடங்கியவர்களில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நானும் முதல் முறை பாதியில் விட்டவன்தான்.

அங்கியும் டாஷ்போர்டும்

பணம் கைக்கு வந்ததும் முதலில் மனம் போவது இங்கேதான். படம் போட்டுக் காட்டும், பச்சை சிவப்பு விளக்கு எரியும், நிர்வாகத்துக்கும் காட்டலாம். நானும் ஆசைப்பட்டு ஒரு தொகுப்பை வாங்க வைத்தேன். முதல் மூன்று மாதம் எல்லாரும் மொத்த தூரத்தைப் பார்த்து யார் அதிகம் ஓடினார் என்று போட்டி போட்டார்கள். பயிற்சித் திட்டத்தில் ஒரு வரி மாறவில்லை.

கருவி மோசம் என்று சொல்லவில்லை. அது எதைச் சரியாக அளக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நீண்ட, நேரான ஓட்டத்தில் ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்யும். குறுகிய வேக ஓட்டம், திடீர்த் திருப்பம், சட்டென்று நிற்பது போன்றவற்றில் பிழை கூடும். ஒரு நிறுவனத்தின் கருவி தரும் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது, மென்பொருளைப் புதுப்பித்தாலே பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒத்துப்போகாமல் போகலாம். "அதிவேக ஓட்டம்" என்று திரையில் வருவது ஓர் எல்லைக்கு மேல் ஓடிய தூரம். பல இடங்களில் மணிக்கு 19.8 கி.மீ., அதாவது விநாடிக்கு 5.5 மீட்டர், என்று வைத்திருப்பார்கள். உச்ச வேகம் 9 மீட்டர் உள்ளவருக்கு அது 61 சதவீத முயற்சி. உச்ச வேகம் 6.5 மட்டுமே உள்ள இளையவருக்கு 85 சதவீதம். இளையவர் திணறித் திணறி அந்த எல்லையைத் தொட்டு 200 மீட்டர் ஓடியிருப்பார், திரையில் பெரியவருக்கு 500 மீட்டர் என்று வரும், கோச் இளையவரைப் பார்த்து "நீ உழைக்கலை" என்பார். எல்லை யாருக்கு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கத் தெரியாத கையில் அந்த அங்கி ஆபத்தானது.

பச்சை, சிவப்பு விளக்கின் கதை இதைவிடச் சுவாரசியம். விளையாட்டு அறிவியலாளர் டிம் கேபெட் 2016இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்த வாரச் சுமையைக் கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுக்கும் விகிதம் உலகம் முழுக்கப் பரவியது. 0.8 முதல் 1.3 வரை இருந்தால் பாதுகாப்பு, 1.5ஐத் தாண்டினால் காய அபாயம் என்று பலரும் மனப்பாடம் செய்தார்கள், ஆப்களும் அதையே நிறமாக்கின. பிறகு பிராங்கோ இம்பெல்லிசேரி முதலிய ஆய்வாளர்கள் அதன் கணக்கையே கேள்வி கேட்டார்கள். இந்த வாரம் 2400, நான்கு வாரச் சராசரி 2000 என்றால் விகிதம் 1.2. ஆனால் அந்த 2000க்குள் இந்த வாரத்தின் 2400உம் உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ள எண் கீழேயும் இருப்பதால் இரண்டும் தானாகவே ஒட்டிக்கொள்கின்றன. தவிர, காயத்தோடு சேர்ந்து வருகிற எண் காயத்தை உண்டாக்குகிற எண்ணாக இருக்க வேண்டியதில்லை. சுமையைத் திடீரென்று ஏற்றாதே என்ற பழைய புத்தி இன்றும் சரிதான். 1.3க்கும் 1.31க்கும் நடுவில் கோடு கிழித்து ஒரு வீரரை உட்கார வைப்பதுதான் சரியில்லை. டாஷ்போர்டு இந்த விவாதத்தை உங்களுக்குச் சொல்லாது, விளக்கை மட்டும் எரியவிடும்.

காலையில் தூக்கம், சோர்வு, மனநிலை கேட்டுப் பதிய வைக்கும் ஆப்களுக்கும் ஒரு சொல். அந்தப் பதில்களை வைத்து அணித் தேர்வு செய்யப்போவதாக ஒரு முறை வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள், மறுநாளிலிருந்து எல்லாரும் எட்டு மணி நேரம் தூங்குவார்கள். யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படும், எப்போது அழிப்போம் என்று வீரர்களிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும்.

அனலிஸ்ட்

வசதி இருந்தால் இதுவே மிக வேகமான வழி. ஆனால் கோச்சுக்கு அடிப்படை தெரியாமல் அனலிஸ்ட் வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கால்பந்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. சார்லஸ் ரீப் என்ற பிரிட்டன் விமானப்படைக் கணக்கர் 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் டவுன் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பென்சிலை எடுத்தார். பிறகு பல ஆண்டுகள், எண்ணற்ற ஆட்டங்களைக் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸ்களில் விழுகின்றன என்று கண்டார். பந்தை நீளமாக உதைத்து விரைவாக முன்னே அனுப்பு என்ற போதனைக்கு அது ஆயுதமாயிற்று. எண்ணியதில் தவறு இல்லை. ஆனால் ஆட்டத்தில் பந்து ஓர் அணியிடம் இருக்கும் தருணங்களே பெரும்பாலும் மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன. அப்படியானால் கோலும் அங்கேதானே அதிகம் விழும்? மைக் ஹியூஸும் இயன் ஃபிராங்ஸும் 2005இல், ஒவ்வொரு வகைத் தொடரும் எத்தனை முறை நடந்தது என்பதால் வகுத்துப் பார்த்தபோது, வெற்றிகரமான அணிகளுக்கு நீண்ட பாஸ் தொடர்களில் கோல் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. "எத்தனை?" என்று கேட்டு நிறுத்தாமல் "எத்தனையில் எத்தனை?" என்று கேட்க எந்த கோச்சும் கற்றுக்கொள்ளலாம். ரிப்போர்ட் கொண்டுவருகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கேள்வி உங்களுடையது.

கேள்வி சரியில்லாவிட்டால் அனலிஸ்ட் அழகான குப்பை தருவார். "எதிரணியைப் பற்றி ஒரு ரிப்போர்ட் கொடு" என்றால் நாற்பது பக்கம் வரும், பஸ்ஸில் யாரும் படிக்க மாட்டார்கள். "கடைசி இருபது நிமிடத்தில் நம் இடது பக்கம் பந்தை எங்கே இழக்கிறோம், இழந்ததில் எத்தனை முறை அவர்கள் ஷாட் வரை போனார்கள்?" என்றால் ஒரு பக்கம் வரும், செவ்வாய்க்கிழமைப் பயிற்சி மாறும். இன்னொன்று, "இழப்பு" என்றால் என்ன என்று இருவரும் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். அதே ஆட்டத்தை ஒரு வாரம் கழித்து அவரை மறுபடி குறிக்கச் சொல்லுங்கள். முதல் முறை 23, இரண்டாம் முறை 31 என்று வந்தால் வரையறை இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம், அவர் மேல் கோபிக்க வேண்டாம். முழுநேர ஆளுக்குப் பணம் இல்லையென்றால் புள்ளியியல் படிக்கும் மாணவர் ஒருவரை ஒரு பருவத்துக்குக் கூப்பிடலாம். அவருக்கு விளையாட்டும் உங்களுக்குக் கணக்கும் கொஞ்சம் விளங்கும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

இருபது முப்பது பேரைத் தனியாகப் பார்க்கும் கோச் என்றால் என் பதில் தயக்கமில்லாமல் எக்செல், குறைந்தது ஒரு முழுப் பருவம். இரண்டே எண்கள், பயிற்சிச் சுமையும் ஒரு மைதானச் சோதனையும். சந்தேகங்கள் குவிந்த பிறகு படிப்பில் சேருங்கள், அப்போது வகுப்பில் கேட்கக் கேள்வி இருக்கும். கருவிகள் ஏற்கெனவே இருக்கும் பெரிய கிளப்பில் இருப்பவருக்கு நிலைமை வேறு. அங்கே ஷீட் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம், அனலிஸ்ட் பக்கத்தில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணும் எப்படிப் பிறக்கிறது என்று கேட்பதே படிப்பு. நிரல் எழுதுவது பிடித்தவர்கள் எழுதட்டும், பிடிக்காதவர்களுக்கு அதனால் குறை ஒன்றும் வராது. வாங்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன், அதுவும் "இந்த எண் இன்னின்ன மாதிரி வந்தால் இன்னதை மாற்றுவேன்" என்று ஒரு தாளில் எழுத முடிந்த பிறகு.

அனலிஸ்டுக்குப் பணம் கிடைத்து ஆள் வந்துவிட்டாலும் அந்தப் பழைய ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாள் அவரிடம் கொடுக்க உங்களிடம் இருப்பது அதுதான். அதைத் திறந்து 4.62, 4.55 என்ற வரிகளைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்கப்போவது, "இதையெல்லாம் யார் அளந்தது?" என்றுதான். அதற்கு ஒரு கட்டம் இருந்தால் வேலை அன்றைக்கே தொடங்கிவிடும்.